இடது முன்சக்கரம்

அந்தக் காரை விற்றுவிடு என்று என்னிடம் சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் மிகக் குறைவு. பால் ஊற்றுகிறவர் சொன்னதில்லை. காருக்கு அடியில் படுத்துக் கிடக்கும் நாய் சொன்னதில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு சாக்கில் சொல்லிவிட்டார்கள். அதிகம் சொன்னது என் தம்பி.

கார் ஒரு ஹெரால்டு. பெயரைச் சொன்னால் தெரிந்துகொள்கிறவர்கள் இப்போது அதிகமில்லை. இரண்டே கதவு. முன்மூடியைத் தூக்கினால் சக்கரங்களுக்கு மேலிருக்கும் தகடும் சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாய்ந்துகொள்ளும், என்ஜினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். என்னைவிட வயதில் மூத்தது. குடும்பச் சொத்து என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் கார் வைத்திருந்ததில்லை. செங்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே நின்றதை நானே போய்ப் பார்த்து, என் சம்பளத்தில் நானே வாங்கினேன். ஓட்டப் பழகியதும் அதற்குப் பிறகுதான். அப்போதே எனக்கு நாற்பது தாண்டியிருந்தது.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஒரு நாளில் நான் அதிகமாகச் சொல்லும் வார்த்தைகள் இவைதான்: "ஆடாம இருங்க. மூச்சப் பிடிங்க." ஆடினால் படம் மங்கிவிடும். மங்கிய படத்தை டாக்டரிடம் கொடுக்க முடியாது, திரும்ப எடுக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் கொடுத்த படங்களில் மங்கலானது ஒன்றுகூட இல்லை என்று சொல்லிக்கொள்வேன். வாரம் முழுக்க மற்றவர்களை அசையாமல் நிறுத்தி வைக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நகர்ந்தாக வேண்டும். காலையில் காரை எடுத்து ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கேயும் இறங்குவதில்லை. சூரியகாந்தி பூத்திருக்கும் காலத்தில் வயலோரம் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கை காட்டுவார்கள். காருக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒருதடவைகூட நிறுத்தியதில்லை. எண்ணெய் மாற்றியது, காற்று அடித்தது, எந்த நட்டு எவ்வளவு இறுகியிருந்தது எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். கார் வாங்குவதற்கு முன்னால் டைரியில் எழுத இவ்வளவு விஷயம் இருந்ததில்லை.

கோடை மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்க்குடியைத் தாண்டியதும் அது நடந்தது. தண்ணீர்க் குழாய்க்காகச் சாலையைக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். மழையில் மண் உள்ளே இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் நின்றது. பார்த்தால் ஈரமான சாலை, அவ்வளவுதான். இடது முன்சக்கரம் அதில் இறங்கிய சத்தம் எனக்கு ஸ்டியரிங்கில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது.

இறங்கிப் பார்த்தேன். டயரில் காற்று இல்லை. சக்கரத்தின் விளிம்பு உள்பக்கமாக மடங்கி, பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி நெளிந்திருந்தது.

ஸ்டெப்னி இருந்தது. ஆனால் அதை ஸ்டெப்னி என்று சொல்வது மரியாதைக்காகத்தான். காரோடு வந்த சக்கரம் அது. அதை யாரோ நட்டு இறுக்காமல் வெகுதூரம் ஓட்டியிருக்கிறார்கள். நட்டு மாட்டும் நான்கு துளைகளும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து, பிறகு வெல்டிங் வைத்து அடைத்து, அந்த வெல்டிங்கையும் ராவி வைத்திருந்தார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர்வதற்கு மட்டும் என்று நான் அதற்கு விதி வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு சைக்கிள் வேகத்தில் வீடு வந்தேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் உண்மையிலேயே சைக்கிளில் என்னை முந்திப் போனான்.

மறுநாள் காலையில் தம்பி வந்தான். பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். கடை திறக்கப் போகிற வழியில் வந்தவன், காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த சக்கரத்தைச் செருப்புக் காலால் தட்டினான்.

"எக்கா, சவம் அதுவே சொல்லிட்டு, என்னால முடியலன்னு. நீ எதுக்கு அதப் போட்டு இழுத்துக்கிட்டுக் கெடக்க?"

"ஒரு சக்கரம்தாம்லே வளைஞ்சிருக்கு."

"இன்னைக்கு சக்கரம். நாளைக்கு?"

"நாளைக்கு உன் வாய் கோணும். காலை எடு."

காலை எடுத்தான். ஆனால் வந்த விஷயம் வேறு. குற்றாலத்தில் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். முழுக் கட்டடத்துக்கும் பெயிண்ட் இவன் கடையிலிருந்துதான் போகிறது. அந்த முதலாளிக்கு வாசலில் நிறுத்தி வைக்க ஒரு பழைய கார் வேண்டுமாம். என்னுடைய காரை எங்கேயோ பார்த்திருக்கிறார். சக்கரம் உடைந்ததை இவன் ராத்திரியே போனில் சொல்லியும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"ஓடவா போகுது, சும்மா நிக்கத்தானன்னு சொல்லுதாரு. நல்ல மனுசன். நான் பாத்துச் சொல்லுதேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"என் காருக்கு நீ என்னலே வாக்குக் குடுக்க?"

"ஓட்டணும்னா அலாய் வீல் நாலு வாங்கிப் போடு, நான் வேண்டாங்கல. நாளைக்கே எடுத்துட்டு வாரேன். இந்தப் பழைய தகரத்தத் தட்டி நிமித்தி, அதுல நீ தனியாளா மழையில சுத்துத. எங்கனயாவது கழண்டு விழுந்துச்சுன்னா யாருக்கு போன் வரும்? எனக்குத்தான வரும்?"

கடைசியில் சொன்னதை அவன் உண்மையாகவே சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அக்கறையாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது கஷ்டம்.

"குத்தால சீசன் தொடங்கதுக்குள்ள இது சரியா ஓடலேன்னா நீயே வந்து கட்டி இழுத்துட்டுப் போ," என்றேன்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான். இப்ப கடைக்குப் போ."

வாய் தவறிச் சொன்ன வார்த்தை இல்லை அது. ஆனால் சொன்ன பிறகுதான் குற்றால மலையைப் பார்த்தேன். மேகம் அப்போதே உச்சியில் உட்கார்ந்திருந்தது.

அலாய் சக்கரத்தை நான் யோசிக்காமல் தள்ளவில்லை. அளந்துதான் தள்ளினேன். இப்போது கடைகளில் கிடைக்கும் எந்தச் சக்கரத்தின் துளைகளும் ஹெரால்டின் போல்ட்டுகளோடு பொருந்தாது. நடுவில் ஒரு தடித்த தகட்டைக் கொடுத்து மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், முழுக்கத் திருப்பும்போது டயர் தகட்டில் உரசும். உரசாமல் இருக்கத் தகட்டை வெட்ட வேண்டும். ஒரு சக்கரத்துக்காக நான்கு சக்கரங்கள், நான்கு சக்கரங்களுக்காகக் காரையே வெட்டுவது. இதற்குப் பெயர் மாற்றுவது இல்லை.

அதே மாதிரிப் பழைய சக்கரம் ஒன்று கிடைக்குமா என்று பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். எல்லோரும் காரின் படத்தைக் கேட்டார்கள். படம் போட்டால் இதயம் போட்டார்கள். புனலூர்க்காரர் ஒருவர் மட்டும் தன்னிடம் ஐந்து சக்கரம் இருப்பதாகச் சொன்னார். தனியாகத் தரமாட்டாராம், காரோடு சேர்த்துத்தான் தருவாராம். எனக்குக் காரே இருக்கிறது, சக்கரம்தான் இல்லை என்றேன். அவருக்கும் ஒரு தம்பி இருப்பான் போல. யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்ற நிலையில் இருந்தார்.

ஆகவே நிமிர்த்துவது என்று முடிவு செய்தேன்.

இலஞ்சி போகும் சாலையில் ஒரு பட்டறை இருக்கிறது. லாரிச் சக்கரம் நிமிர்த்துவதும் லாரி சேஸுக்கு ரிவெட் அடிப்பதும் அங்கே வேலை. பட்டறைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும்தான். வாய் ஓயாதவர். தான் நிமிர்த்தாத சக்கரம் ஜில்லாவிலேயே இல்லை என்பது அவர் கட்சி. என் சக்கரத்தைக் கையில் வாங்கி, ஒரு தட்டைச் சுழற்றுவது போலச் சுழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"இது என்னக்கா, பிள்ளையோ விளையாடுற சாமான் மாதிரி இருக்கு? ஒரு சூடு, ரெண்டு தட்டு. வெள்ளிப் பெயிண்ட் அடிச்சுத் தந்தேன்னா நேத்துச் செஞ்சதும்பாங்க."

"நிமித்தித் தாங்க. பெயிண்ட் வேண்டாம்."

"பெயிண்ட் இல்லாம எப்படிக்கா?"

"இரும்பு எனக்குத் தெரியணும், அண்ணாச்சி. பட்டி பூசி மூடிட்டீங்கன்னா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப உங்க ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்துப் பாக்க வேண்டியதுதான?"

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படி எடுத்தால் என்ன தெரியும் என்று அதற்கு முந்திய நாள் நான் நிஜமாகவே யோசித்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு நாளில் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். விளிம்பு அழகாக நிமிர்ந்திருந்தது. பழைய பெயிண்ட் எல்லாம் உதிர்ந்து இரும்பு நீலமும் சாம்பலுமாக நின்றது. விரல் வைத்துத் தடவினால் எங்கே வளைந்திருந்தது என்றே தெரியவில்லை. அவருடைய பெருமையில் பொய் இல்லை.

ஆனால் அவருக்கு அதை அப்படியே கொடுக்க மனம் வரவில்லை.

"குளிப்பாட்டுன பிள்ளைய அம்மணமா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுதீங்க. பெயிண்ட்தான் வேண்டாம்னுட்டீங்க. ஒரு பட்டையாவது போட்டுத் தாரேன். என் பட்டறையிலருந்து வெறும் நெத்தியோட எதுவும் போனது கெடையாது."

அது அந்தப் பட்டறையின் வழக்கம். வேலை முடிந்த சக்கரத்தை டீசல் துணியால் அழுத்தித் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்துத்தான் கொடுப்பார். லாரிச் சக்கரத்துக்கும் அப்படித்தான், டிராக்டருக்கும் அப்படித்தான். வெள்ளிப் பெயிண்ட் மேல் அந்தப் பட்டை விழுந்து நான் பார்த்திருக்கிறேன். சரி, போடுங்கள் என்றேன். நிமிர்த்திய விளிம்பின் உள்பக்கம், டயர் உட்காரும் இடத்தில், அகலமாக ஒரு பட்டை இழுத்தார். டயர் மாட்டினால் மறைந்துவிடும் இடம். சாமிக்குத் தெரிந்தால் போதும் என்றார்.

டீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது திருநீறு காய்ந்து வெளுத்தது. நான் சக்கரத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பட்டையின் குறுக்கே ஒரு கோடு. மயிரிழைதான். வெள்ளையில் சற்றுக் கறுப்பாக, விளிம்பிலிருந்து உள்ளே இறங்கி, ஒரு இடத்தில் லேசாக வளைந்து நின்றது.

டீயைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கோட்டை எனக்குத் தெரியும். வழுக்கி விழுந்து கை ஊன்றியவர்களின் மணிக்கட்டில், படியில் தடுக்கியவர்களின் கணுக்காலில் நாள்தோறும் பார்க்கிற கோடு. இதற்காகத்தானே எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறேன்.

"அண்ணாச்சி, இதத் துடைச்சிட்டு இன்னொரு பட்டை போடுங்க."

"ஏன், கோணலா இருக்கோ?"

"போடுங்க."

போட்டார். காயும்வரை இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு அதே இடத்தில், அதே வளைவோடு மறுபடி வந்தது. துடைத்த டீசல் விரிசலுக்குள் போய் ஒளிந்திருந்திருக்கிறது. மேலே உலர்ந்த திருநீறு அதை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டது.

"சாமியே காட்டிக் குடுத்துட்டாரு," என்றார் மெல்ல.

"டீசல்தான் அண்ணாச்சி காட்டிக் குடுத்துது."

"ஆமா. திருநீறு இல்லாம டீசல் மட்டும் தடவியிருந்தா தெரிஞ்சிருக்குமாக்கும்?"

பெயிண்ட் அடித்திருந்தால் இரண்டும் சேர்ந்தும் காட்டியிருக்காது என்றேன்.

வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். லாரிக்கே வைத்து அனுப்பியிருக்கிறாராம், பதினாறு டன் ஏற்றிக்கொண்டு ஓடுகிறதாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுப் போட்டு வைத்தால் எலும்பு தானாகக் கூடும், உள்ளே உயிர் இருக்கிறது. இரும்பு கூடாது. டயர் உட்காரும் இடத்தில், மடங்கி நிமிர்ந்த இடத்தில், ஏற்கெனவே விரிந்த இரும்பு. வெல்டிங் அந்தக் கோட்டை மூடும், அடுத்த கோடு பக்கத்தில் கிளம்பும்.

அன்று சாயங்காலமே தம்பிக்குத் தெரிந்துவிட்டது. பட்டறைக்கு வெள்ளிப் பெயிண்ட் போவதும் அவன் கடையிலிருந்துதான். போன் பண்ணினான். "எக்கா, வெடிச்சிருக்காம்லா?" என்று கேட்ட குரலில் வருத்தமும் நிம்மதியும் பாதிப் பாதி இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனான். ஒருதடவை இடத்தைப் பார், பார்த்துவிட்டு முடிவு சொல் என்றான்.

ரிசார்ட் வாசலில் இடம் தயாராக இருந்தது. முட்டியளவு உயரத்தில் சிமெண்ட் மேடை. டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நான்கு இரும்புக் கம்பிகள் முளைத்து நின்றன. எதற்கு என்று கேட்டேன். முதலாளி வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக வந்து விளக்கினார்.

"அச்சோட சேத்து வெல்டு வச்சிருவோம், மேடம். பிள்ளையோ ஏறிக் குதிச்சாலும் அசையாது. என்ஜின எடுத்துட்டு முன்னால குரோட்டன்ஸ் வைக்கோம். டிக்கியில தண்ணி விழுற மாதிரி ஒரு சின்ன அருவி. டயர்ல காத்துகூட அடிக்க வேண்டாம். உங்க வண்டிக்கு இனிமே ஒரு கஷ்டமும் கெடையாது."

"இது ஓடுற வண்டிங்க."

"இருக்கட்டும் மேடம். இவ்வளவு வருசம் ஓடிட்டுல்லா? இனி ரெஸ்ட் எடுக்கட்டுமே. நம்மளும் ஒரு வயசுக்கு மேல அப்படித்தான?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார், பழரசம் வரவழைத்தார். நான் நின்றுகொண்டே அந்த நான்கு கம்பிகளையும் பார்த்தேன். வலது முன்கம்பி சற்றுக் கோணலாக இருந்தது.

"அந்தக் கம்பி ரெண்டு விரக்கடை உள்ள தள்ளி இருக்கு. ஹெரால்டுக்குச் சேராது," என்றேன்.

"அத மாத்திருவோம் மேடம்."

"மாத்த வேண்டாம். என் கார் வராது."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் தம்பி, "சீசனுக்குள்ள ஓடலேன்னா எடுத்துட்டுப் போன்னு நீதானக்கா சொன்ன?" என்றான். ஆமாம் என்றேன். "பின்ன?" என்றான். "சீசன் இன்னும் தொடங்கலலா?" என்றேன். மேலகரம் வரும்போது முகத்தில் ஒரு துளி விழுந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு எலும்பு டாக்டர் இருந்தார். ஒரு முழங்கால் வலி என்று வந்தாலும் இரண்டு முழங்காலையும் ஒரே படத்தில் எடுக்கச் சொல்வார். நல்லதைப் பார்க்காமல் கெட்டது எது என்று எப்படித் தெரியும் என்பார். அன்று வீட்டுக்கு வந்ததும் காரில் மாட்டியிருந்த ஸ்டெப்னியைக் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் கார் நிற்கும் கொட்டகைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். விரிசல் விட்ட சக்கரம் ஒன்று. துளை தேய்ந்த ஸ்டெப்னி ஒன்று. நல்லது எது என்று பார்த்தால் இரண்டுமே இல்லை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருக்கவில்லை.

இந்தச் சக்கரம் ஒரே துண்டு இரும்பு இல்லை. வெளியே டயர் உட்காரும் வளையம். உள்ளே நட்டு மாட்டும் நடுத்தட்டு. இரண்டையும் ரிவெட் அடித்து இணைத்திருக்கிறார்கள். என் சக்கரத்தில் கெட்டது வளையம், நடுத்தட்டு நன்றாக இருந்தது. ஸ்டெப்னியில் கெட்டது நடுத்தட்டு, வளையத்தில் ஒரு நெளிவுகூட இல்லை. கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். நாய் எழுந்து போய்விட்டது.

மறுநாள் இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு சவத்தச் சேத்து ஒரு உசுரு வேணுங்கீங்க."

"ரெண்டும் ஒரே அச்சு, அண்ணாச்சி. ரிவெட் துளை அப்படியே பொருந்தும். அளந்து பாத்துட்டேன்."

"அளந்திருப்பீங்க, தெரியும். இது ஒட்டு மாமரம் இல்லக்கா. ஒரு மயிரளவு கோணலா உக்காந்துதுன்னா சக்கரம் ஆடும். ஸ்டியரிங் உங்க கையில நிக்காது."

"ஆடுச்சுன்னா அத அறுத்துப் போடுங்க. தம்பி வந்து காரைக் கட்டி இழுத்துட்டுப் போட்டும். ஆடாம செய்ய முடியுமா முடியாதா, அதச் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அது எனக்குத் தெரிந்துதான் கேட்டேன்.

முதல்தடவை ஆடியது. பழைய ரிவெட்டுகளை வெட்டி எடுத்து, நடுத்தட்டைத் தட்டிக் கழற்றி, நல்ல வளையத்துக்குள் இறக்கி, ரிவெட்டுகளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்து முடித்தபோது பார்வைக்குப் பிரமாதமாக இருந்தது. காரைப் பட்டறைக்கு டெம்போவில் ஏற்றி வந்திருந்தேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மாட்டிச் சுழற்றினோம். விளிம்போரம் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு நான் குனிந்து பார்த்தேன். பென்சிலுக்கும் இரும்புக்கும் நடுவே தெரிந்த வெளிச்சம் ஒரு பக்கம் அகன்றது, மறுபக்கம் மறைந்தது.

"சொன்னேன்லா," என்றார். முகம் வாடியிருந்தது. தான் சொன்னது சரியாகப் போனதில் அவருக்கே சந்தோஷம் இல்லை.

நான் ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்தேன். "மறுபடி," என்றேன்.

"எக்கா..."

"மொத ரிவெட்ட அடிச்சதும் அதுக்குப் பக்கத்துலயே ரெண்டாவத அடிச்சீங்க. நேர் எதிர்ல அடிச்சிருக்கணும். வீல் நட்டு இறுக்கும்போது நீங்க அப்படியா பக்கம் பக்கமா இறுக்குதீங்க?"

"நொட்டை சொல்லுறதுக்குன்னே டயர் மேல உக்காந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, அடித்த ரிவெட்டுகளை எல்லாம் மறுபடி வெட்டி எடுத்தார். இந்தத் தடவை நான் சொன்னதற்கு மேல் அவரே ஒன்று செய்தார். ரிவெட் அடிப்பதற்கு முன்னால் எல்லாத் துளைகளிலும் போல்ட் மாட்டி, காரிலேயே வைத்துச் சுழற்றி, பென்சில் வெளிச்சத்தைச் சமமாக்கிக்கொண்டு, பிறகு எதிரும் புதிருமாக ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி அந்த இடத்தில் ரிவெட் அடித்தார். மாட்டிச் சுழற்றினோம். பென்சிலுக்கும் விளிம்புக்கும் நடுவே வெளிச்சம் ஒரு நூல் போல நின்றது. சக்கரம் சுற்றுகிறதா என்றே சந்தேகம் வந்தது.

"இப்ப வெள்ளிப் பெயிண்ட்?" என்றார்.

"இல்ல. திருநீறு."

பாக்கெட்டை நானே வாங்கி வந்திருந்தேன். புதுச் சக்கரத்தில் ரிவெட்டைச் சுற்றி, நட்டுத் துளைகளைச் சுற்றி, வளையம் முழுக்க டீசல் தடவித் துடைத்து, திருநீற்றைக் குழைத்துப் பூசினோம். பிறகு மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றி, டயரையும் பிரித்து, அதே மாதிரி பூசச் சொன்னேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான்கு சக்கரமும் முழு நீறு பூசி வரிசையாக நின்றதைப் பார்த்த ஒரு லாரி டிரைவர், "என்ன அண்ணாச்சி, வண்டி காசிக்குப் போகுதா?" என்று கேட்டார். காய்ந்தது. ஒரு கோடு இல்லை. நான் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை.

அண்ணாச்சி குங்குமம் வைத்தார். அதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை.

காரை நான் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம் தம்பி வந்து நின்றான். சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தான், இந்தத் தடவை காலால் தட்டவில்லை.

"ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கிட்ட. அப்ப ஸ்டெப்னி?"

"கெடையாது."

"ஸ்டெப்னி இல்லாமயா போவ? பஞ்சரான?"

"பஸ்ல வருவேன். வண்டிய மறுநாள் எடுப்பேன்."

"ஒனக்குக் கிறுக்கு."

"ஞாயித்துக்கெழம குத்தாலத்துக்குப் போறேன். வாரியா?"

வருகிறேன் என்றான். வழியில் நிற்கும்போது பார்க்க வேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் தொடங்கிவிட்டது என்று டீக்கடைகளில் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஈரத்துண்டை இடுப்பில் கட்டிய கூட்டம் சாலையோரம் நடந்தது. தம்பி பக்கத்து இருக்கையில் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. ஸ்டியரிங் என் இரண்டு விரலில் நின்றது. மேலகரம் தாண்டி ஏற்றத்தில் கியரை மாற்றியபோது அவன் கதவிலிருந்து கையை எடுத்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டான்.

ரிசார்ட் வாசல் வந்தது. டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள். மேடை காலியாக இருந்தது. நான்கு கம்பிகளும் மழையில் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. முதலாளி குடையோடு வாசலில் நின்றார். காரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்தார் போல. குடையைத் தம்பி பக்கம் ஆட்டினார். பிறகு நான் இண்டிகேட்டர் போடாததைக் கவனித்திருப்பார். உடனே போனை எடுத்து உயர்த்திக்கொண்டு கத்தினார்:

"மேடம், ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க. ஒரு போட்டோ மட்டும்!"

"நிப்பாட்டுக்கா, பாவம், ஒரு போட்டோதான," என்றான் தம்பி.

"ஓடும்போது எடுக்கச் சொல்லு," என்றேன்.

தம்பி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ஓடும்போதே எடுத்துக்கோங்க மொதலாளி!" என்று கத்தினான். கத்திவிட்டு அவனே சிரித்துவிட்டான். நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஐந்தருவிச் சாலையில் திருப்பினேன். டயர் எங்கேயும் உரசவில்லை.

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. மழை, ஓடுகிற கார், குடை பிடித்த கையில் போன். கட்டாயம் மங்கித்தான் விழுந்திருக்கும். என் வேலையில் அப்படி ஒரு படம் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுப்பேன். இதைத் திரும்ப எடுக்க நான் நிற்கப் போவதில்லை.